காதை மூடிக்கொண்டு ஆடியவர்கள்

என் மணிக்கட்டைப் பிடித்த அந்த அம்மாவின் பிடி லேசான பிடி அல்ல. உரலில் கிழங்கு இடித்துப் பழகிய கை. தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஊதாநிறப் பட்டி ஒன்று அணிந்திருந்தார். மாமரத்தடியில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். வாய் நிறையச் சிரித்தார். பிறகு இழுக்கத் தொடங்கினார்.

நான் பின்னுக்கு இழுத்தேன், அவர் முன்னுக்கு இழுத்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தத் தேவாலயத்தின் வாசல்.

"நோ மதாம், மெர்சி மதாம்" என்று கெஞ்சிப் பார்த்தேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருடைய மொழி எனக்குத் தெரியாது. உள்ளே நான்கைந்து மேளம் ஒன்றாக முழங்கிக்கொண்டிருந்ததால், தெரிந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை.

விறாந்தையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. வயசுக்கு மூத்த ஒரு மனுசியோடு வாசலில் நின்று கயிறிழுப்புப் போட்டி நடத்த எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு விநாடி தளர்ந்தேன். என் வலது கால் வாசலைத் தாண்டிவிட்டது.

தாண்டக்கூடாத வாசல். என் அண்ணை செத்து அப்போது ஒரு கிழமைகூட ஆகவில்லை.

சிங்கம் பார்க்காத கதை

நான் ஆபிரிக்காவுக்குப் போய்வந்ததைப் போன கிழமை இந்தப் பக்கத்தில் தொட்டுவிட்டு விட்டேன். அதை வாசித்த இரண்டு பேர் தொலைபேசியில் பிடித்து, சிங்கம் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை. ஆடு பார்த்தேன். நிறைய ஆடு. எங்கள் ஊர் ஆடுகளைப் போலவே அவற்றுக்கும் மற்றவன் வேலி என்றால் உயிர்.

நான் போனது டோகோ என்ற சின்ன நாட்டுக்கு. அங்கே என்னைக் கூட்டிப்போனவள் டெலாலி. மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் சமையலறையிலும் அவள் பராமரிப்பிலும் கனகாலம் ஒன்றாக வேலை செய்தோம். என் வீடு இருக்கிற பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, பாதி நித்திரையில் நான் போய் இறங்கும்போது, அவள் இரவு வேலை முடித்து முக்கால் நித்திரையில் நிற்பாள். இருவரும் சேர்ந்து ஒரு கோப்பி குடிப்போம். எங்கள் சிநேகம் அந்தக் கோப்பியில் தொடங்கியது.

எனக்குப் பிரெஞ்சு படிப்பித்ததும் அவள்தான். படிப்பித்தாள் என்றால் வேலைக்கு வேண்டியதை மட்டும். சூப் சூடாக இருக்கிறதா, கால் நோகிறதா, ஜன்னலைச் சாத்தவா, குளிருகிறதா. இந்த நான்கு கேள்வியையும் நான் கேட்கும் அழகைப் பார்த்தால் பாரிஸில் பிறந்தவள் என்று நினைப்பீர்கள். ஐந்தாவது கேள்விக்கு வாய் திறந்தால் ஆள் அம்பிட்டுப்போவேன்.

ஓய்வு எடுத்த வருசம், "இனி என்ன சாட்டு?" என்று டெலாலி கேட்டாள். தன் ஊரைப் பார்க்க வரும்படி பலகாலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். எனக்கும் சாட்டு ஒன்றும் இருக்கவில்லை. என் வீட்டுக்காரர், இவருக்கு மூன்று கிழமைக்குப் போதுமான கறியைச் சமைத்து உறைபெட்டியில் அடுக்கிவிட்டு வெளிக்கிட்டேன்.

சனிக்கிழமைப் பேச்சு

என் அண்ணை யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரைவிட்டு ஒருநாளும் வெளிக்கிட மாட்டேன் என்று இருந்தவர். நான் மொன்றியலுக்கு வந்த காலத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களுக்குள் பேச்சு உண்டு. கடிதக் காலம், தொலைபேசி அட்டைக் காலம், வாட்ஸ்அப் காலம் எல்லாம் வந்துபோயின. பேச்சு மட்டும் மாறவில்லை.

"தங்கச்சி, அங்கை குளிரோ?"

"ஓமண்ணை."

"அப்ப காதை மூடிக்கொண்டு போ."

இவ்வளவும் சொன்ன பிறகுதான் மற்றக் கதை. பிள்ளைகள், மழை, முருங்கைக்காய் விலை, ஆருக்கு என்ன வருத்தம்.

காது எங்கிருந்து வந்தது என்றால், வந்த முதல் குளிருக்கு நான் தொப்பி போடாமல் ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டேன். அதில் காது இரண்டும் செத்தல் மிளகாய் போலச் சிவந்திருந்தது. கனடாக் குளிரில் காது கழன்று விழுந்துவிடும் என்று ஆரோ அண்ணைக்குச் சொல்லியும் போட்டார்கள். மனுசன் அதைப் பிடித்துக்கொண்டார். ஆடி மாதம், மொன்றியலில் வெயில் எரிக்கும், நான் மின்விசிறிக்கு முன்னால் இருந்து கதைப்பேன். அப்போதும் அதே கேள்விதான். இப்ப இங்கை வெயில் அண்ணை என்றால், "கனடாதானே, நம்ப ஏலாது" என்பார்.

எனக்குச் சில நேரம் எரிச்சல் வரும். மூன்று பிள்ளை பெற்று, தலை நரைத்து, கடன் கட்டி வீடு வாங்கினவளுக்கு இன்னும் காது மூடச் சொல்லித் தரவேண்டுமோ என்று இவரிடம் முறையிடுவேன். இவர் சிரிப்பார்.

டெலாலியின் கிராமத்தில் நான் இறங்கி நாலைந்து நாளில் இவரிடமிருந்து அழைப்பு வந்தது. வழக்கமாகக் குரலை உயர்த்திக் கதைக்கிற மனுசன் மெல்லக் கதைத்தார். அப்போதே விளங்கிவிட்டது. காலையில் பூ ஆய்ந்துகொண்டு நின்ற அண்ணை கிணற்றடியில் விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டதாம்.

அடுத்த நாளே பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். நான் இருந்த இடத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்ச்சேர எந்த வழியிலும் நேரம் போதாது. செத்தவீட்டை வாட்ஸ்அப்பில் நேரடியாகக் காட்டினார்கள். டெலாலியின் ஊர் மலையடிவாரம், சிக்னல் வந்து வந்து போனது. நான் பார்த்தது பந்தலின் ஒரு மூலையும், ஆரோ ஒருவருடைய முதுகும்தான். அந்த முதுகு அசையாமல் நின்றுவிட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுகை வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சொட்டு வரவில்லை. அழுவதற்கும் நாலு சனம் வேண்டும், கட்டிப்பிடிக்க ஒரு தோள் வேண்டும், செத்தவரின் பேரைச் சொல்ல ஓரிடம் வேண்டும். என் அண்ணையைத் தெரிந்த ஒரு காகம்கூட அந்த ஊரில் இல்லை. கூடப்பிறந்த அண்ணைக்கு ஒன்றுமே செய்யாமல் ஆபிரிக்காவில் குந்தியிருக்கிறேனே என்பதுதான் நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது.

கடவுளுக்கு லீவு

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டெலாலியின் வீடு முழுக்கக் குளித்து, உடுத்து, தேவாலயத்துக்கு வெளிக்கிட்டது. நான் வரவில்லை என்றேன்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் உரித்துக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. கல்யாணம் கட்டிப்போன சகோதரிக்குத் துடக்கு இல்லை என்று சட்டம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கதை எடுபடாது. அதிலும் என் மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, இந்த விசயத்தில் நெருப்பு. எங்கேயோ தூரத்தில் கோயில் மணி கேட்டால் கையில் இருக்கிற அகப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நிற்கிறவர். துடக்கோடு கோயில் மதிலைத் தொட்டார் என்று ஒருவரோடு வருசக்கணக்காகக் கதைக்காமல் விட்டவர்.

இதையெல்லாம் நான் டெலாலிக்கு என் சூப்புப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"வீட்டில் சாவு என்றால்தானே கடவுளிடம் போகவேண்டும்? நீங்கள் ஏன் போகாமல் நிற்கிறீர்கள்?"

எங்கள் கடவுளுக்கு அந்த முப்பத்தொரு நாளும் லீவு என்று சொல்லிவைத்தேன்.

"பாவம் அவர்" என்றாள், கடவுளைத்தான்.

சரி, வீட்டில் தனியே இருக்கிறேன் என்றால் அதற்கும் விடவில்லை. சாவு கேட்ட ஆளை வீட்டில் தனியே விட்டுப்போவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. நான் போகாவிட்டால் அந்த வீட்டில் ஒருவரும் போகமாட்டார்கள். என்னால் பத்துப் பன்னிரண்டு பேரின் வழிபாடு கெடவேண்டுமா? கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் கூட வருவேன், ஆனால் உள்ளே வரமாட்டேன். தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. அதன் கீழ் நிற்பேன்.

உடுப்பில்தான் வினை வந்தது. துக்கத்துக்கு எங்களுக்கு வெள்ளை. வெக்கைக்கு நல்லது என்று கொண்டுபோன வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்று பெட்டியில் கிடந்தது. அதைக் கட்டினேன். கூட வந்தவர்கள் அது எங்கள் நாட்டு உடுப்பு என்று விட்டுவிட்டார்கள். டெலாலி தன் பெண்கள் சங்கத்தோடு பாடுவதற்காக முன்னமே போய்விட்டாள், என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாசலிலேயே மறித்திருப்பாள்.

மாமரத்தடியில்

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வழிபாட்டை நான் கண்டதில்லை. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, எல்லாம் தெரிந்தது. தகரக் கூரை, சீமெந்து நிலம், இருக்க நெருக்கமாக மர வாங்குகள். பெண்கள் சங்கத்தார் எல்லோரும் ஒரே துணியில் தைத்த உடுப்பு, மஞ்சளில் நீலப் பறவை. மேளக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. ஒரு பழைய கீபோர்ட், ஜெனரேற்றர் இருமும்போது தானும் இருமியது.

ஒருவரும் வாங்கில் இருக்கவில்லை. ஒரு கையில் வேர்வை துடைக்கிற கைலேஞ்சி, அதைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு வரிசையாக ஆடியபடி முன்னே போனார்கள், திரும்பி வந்தார்கள், பாட்டு முடியவில்லை என்றால் திரும்பவும் போனார்கள். இடுப்பு வலிக்காரர்கள் இருந்த இடத்தில் தோளை ஆட்டினார்கள். ஓர் ஆடு வாசல்வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிவராது என்று போய்விட்டது.

எனக்குச் சத்தம் என்றால் ஆகாது. முதியோர் இல்லத்தில் தட்டு விழுந்தால்கூட முகம் சுளிப்பேன். அன்றைக்கும் முதலில் அரியண்டமாகத்தான் இருந்தது. செத்த அண்ணையை நினைக்க ஓர் அமைதி வேண்டும் என்று நின்றவளுக்கு இந்த முழக்கமா என்று கோபம் வந்தது. பிறகு எப்போது என்று தெரியாது, என் பெருவிரல் செருப்புக்குள் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதட்டி நிறுத்தினேன்.

அந்த நேரம்தான் ஊதாப் பட்டி அம்மா வெளியே வந்தார்.

என்ன காரியத்துக்கு?

பிறகு டெலாலி சொல்லித்தான் விளங்கியது. அவர்களுக்கு வெள்ளை நன்றி சொல்லுகிற நிறம். நல்லது நடந்த வீட்டார் வெள்ளை உடுத்து ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்தி, ஒவ்வொருவராக எழுப்பி, என்ன காரியத்துக்கு நன்றி என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லவைப்பார்கள். பிறகு சபை முழுக்க அவர்களோடு சேர்ந்து ஆடும். ஒருவர் வெள்ளை உடுத்து வெளியே நின்றால், பிந்தி வந்த கூச்சத்தில் நிற்கிறார் என்றுதான் அர்த்தம். கையைப் பிடித்துக் கூட்டிவருவது பட்டி போட்ட அம்மாவின் கடமை.

அவர் தன் கடமையைச் செவ்வனே செய்தார். முன்வரிசையில் ஓர் இடம் பிரித்து என்னை இருத்தினார். மடியிலிருந்து குழந்தைப் பவுடர் டப்பாவை எடுத்து என் கழுத்தில் நாலு தட்டுத் தட்டினார். அதுவும் சந்தோசத்துக்கு அடையாளமாம். பக்கத்தில் பிறந்து ஒரு மாதக் குழந்தையோடு ஒரு பெண், அவளும் வெள்ளை. அதற்கப்பால் லொறி விபத்தில் தப்பி வந்த ஒருவர், அவரும் வெள்ளை. நடுவில் துடக்குக்காரி நான், பவுடர் பூசிக்கொண்டு, பேய்முழி முழித்துக்கொண்டு.

எழும்பி ஓட முடியாது. டெலாலி பாடகர் பக்கத்திலிருந்து என்னைக் கண்டுவிட்டாள். கையால் வாயைப் பொத்தினாள். ஆட்களை விலத்திக்கொண்டு அவள் வந்துசேர முன்னம் என் முறை வந்துவிட்டது.

பாஸ்டர் ஒல்லியான மனிதர், என் வயசிருக்கும். நான் வெளியூர் ஆள் என்று கண்டு பிரெஞ்சில் கேட்டார்.

"அம்மா, நீங்கள் என்ன காரியத்துக்கு நன்றி சொல்ல வந்தீர்கள்?"

மேளம் நின்றது. அவ்வளவு சனமும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏதாவது பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். சுகமாக வந்து சேர்ந்ததுக்கு என்று சொல்லியிருக்கலாம். வாயில் அது வரவில்லை.

என் அண்ணை செத்துப்போனார் என்றேன். இந்தக் கிழமைதான், நான் போகவில்லை, பார்க்கவில்லை.

டெலாலி என் பக்கத்தில் வந்து நின்று அதைத் தங்கள் மொழியில் சொன்னாள். சிரிப்புகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஊதாப் பட்டி அம்மா இரண்டு கையையும் தலையில் வைத்தார். பாவம், அவரைப் பார்க்கத்தான் எனக்குக் கவலையாக இருந்தது. இனி என்னை மெல்ல வெளியே கூட்டிப்போவார்கள் என்று சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

பாஸ்டர் அசையவில்லை. "அண்ணனுக்குப் பேர் என்ன?" என்று கேட்டார்.

சிவபாதம் என்றேன். அவர் அதை நாக்கில் வைத்து ஒருதரம் சொல்லிப்பார்த்தார். பிறகு சபைக்குச் சொன்னார். சபை திருப்பிச் சொன்னது. சீவாபாதா. அந்த ஊரில் காகத்துக்குக்கூடத் தெரியாத என் அண்ணையின் பேரை ஒரு கூரை முழுக்கச் சொன்னது.

"அப்படியென்றால் நீங்கள் சரியான உடுப்பில்தான் வந்திருக்கிறீர்கள். சிவபாதம் என்ற மனிதர் இருந்தாரே, அதற்கு நன்றி சொல்லுவோம். எங்களுக்கு அவரைத் தெரியாது. அவர் உங்களுக்கு என்ன செய்தார் என்று சொல்லுங்கள்."

என்ன சொல்ல? எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் என் அண்ணை அடங்கமாட்டார். அவர் அப்பாவின் இடத்தில் நின்றதை, என் கல்யாணத்துக்குத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதை, எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே அந்த வீட்டைக் காத்ததைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. என்னிடம் இருந்தது நான்கு கேள்வி. அதில் ஒன்று அண்ணையின் கேள்வி.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார் என்றேன். தங்கச்சி, அங்கே குளிருகிறதா என்று. வெயில் காலத்திலும் கேட்பார். பிறகு சொல்லுவார், காதை மூடிக்கொண்டு போ என்று.

டெலாலி மொழிபெயர்த்தாள். அந்த வெக்கையில், வேர்வையில், ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்த சனம் ஒரு விநாடி விழித்தது. பிறகு எங்கோ பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அடுத்த விநாடி தேவாலயம் முழுக்கச் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. இப்படியும் ஓர் அண்ணனா என்ற சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்த வாய் எப்போது கோணியது என்று தெரியாது. ஊதாப் பட்டி அம்மா ஓடிவந்து என்னைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். அந்தத் தோளில் அழுதேன். ஊரில் அழுதிருக்கவேண்டிய அழுகை அவ்வளவும் அழுதேன்.

சந்தையில் கிழங்கு விற்கிற ஒரு பெண்தான் அங்கே பாட்டு எடுத்துக் கொடுப்பவள், கட்டைக் குரல்காரி. அவள் எழும்பினாள். முதலில் மேளம் இல்லாமல் ஒரு வரி பாடினாள். தங்கச்சி, அங்கே குளிருகிறதா? யாரும் சொல்லிக்கொடுக்காமலே சபை பதில் பாடியது. காதை மூடிக்கொண்டு போ. மேளம் மெல்லச் சேர்ந்தது. அவள் கேட்டாள், அவர்கள் பதில் சொன்னார்கள். பிறகு என்ன நடந்தது என்றால், கைலேஞ்சியை எல்லாம் இடுப்பில் செருகிவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் காதை மூடிக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள்.

கிழவர்கள், பெண்கள் சங்கம், லொறியில் தப்பியவர், பாஸ்டர் எல்லோரும் காதை மூடிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். பிள்ளை பெற்றவள் குழந்தையின் காது இரண்டையும் பொத்திக்கொண்டு வந்தாள். நானும் போனேன். ஓம், ஆடினேன். முப்பத்தொரு நாள் துடக்கில், வெள்ளைச் சேலையில், கழுத்தில் பவுடரோடு, காதை மூடிக்கொண்டு ஆடினேன்.

அனுப்பாதே என்றார்

டெலாலியின் தம்பி அதைத் தன் போனில் வீடியோ எடுத்திருந்தான். மொன்றியலுக்கு வந்து இவருக்குக் காட்டினேன். வந்த நேரம் பனி கொட்டத் தொடங்கியிருந்தது, துக்கம் விசாரிக்க வந்த சனத்தின் சப்பாத்துகளால் வாசல் நிறைந்திருந்தது. சனம் போனபிறகு இருவரும் சோபாவில் இருந்து பார்த்தோம். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யாழ்ப்பாணத்துக்கு மட்டும் அனுப்பிப்போடாதை."

அவர் சொன்னது நியாயம். புருசன் செத்த கிழமையில் மைத்துனி ஒருத்தி வேற்றுக் கோயிலுக்குள் போய் ஆடினாள் என்றால் எந்த மனுசிக்குப் பொறுக்கும்? அதிலும் என் மச்சாளுக்கு? மதில் தொட்டதுக்கே கதையை நிறுத்தினவர். அண்ணை போனபிறகு அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான். அவரும் முகம் திருப்பினால் எனக்கு யாழ்ப்பாணம் என்று ஒன்று இல்லை.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உள்ள எங்கள் முருகன் கோயில் பக்கம் போகாமல் நாட்களைக் கழித்தேன். ஆனால் மனம் சும்மா இருக்கவில்லை. அண்ணைக்குச் செய்யவேண்டியதைச் செய்தேனா, அல்லது கெடுத்தேனா? இதற்குத் தீர்ப்புச் சொல்ல இவருக்கும் உரிமை இல்லை, டெலாலிக்கும் இல்லை. ஒரே ஓர் ஆளுக்குத்தான் உண்டு.

முப்பத்தோராம் நாள் சடங்கு, அந்தியேட்டி முடிந்தது. அன்றைக்கு மச்சாளோடு கதைத்தபோது சடங்குகள் எல்லாம் ஒழுங்காக நடந்தது, சனம் வந்தது, சாப்பாடு குறைவில்லை என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் வந்தவை வசந்தி. எத்தினை பேருக்குச் சாப்பாடு, ஐயருக்கு என்ன குடுக்கிறது, இதைத்தான் கேட்டவை. அந்த மனுசன் எப்பிடிப்பட்டவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச்சை என் பக்கம் திருப்பினார்.

"நீ அங்கை தனிய என்னடி செய்தனி?" என்று கேட்டார்.

என் வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. ஒன்று அனுப்புறன் மச்சாள், பார்த்துவிட்டு ஏசுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டேன். இவரிடம் கேட்கவில்லை. வீடியோவை அனுப்பினேன். அது என்ன, ஏது என்று கீழே நாலு வரி எழுதினேன். சிறிது நேரத்தில் இரண்டு நீலச் சரி வந்தது. பார்த்துவிட்டார்.

பதில் இல்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. நானாக எடுத்துப்பார்க்கப் பயம். சமையலில் உப்பு மாறியது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், சொல்லியிருந்தால் சண்டைதான். அவ்வளவுதான், அந்த வீட்டுக் கதவும் சாத்தியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. வெளியே போக வெளிக்கிட்டு, ஒரு கையில் சப்பாத்தோடு நிற்கிறேன். போன் அடித்தது. அண்ணையின் நம்பர்.

அண்ணையின் போனையும் இப்போது மச்சாள்தான் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதிலிருந்து ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்துக் காதில் வைத்தேன். என் மச்சாள் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து வேறு விதமாகக் கூப்பிட்டதே இல்லை.

"தங்கச்சி" என்றார். "அங்கை குளிரோ?"

நான் சப்பாத்தை வைத்துவிட்டு அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

"ஓம் மச்சாள்."

"அப்ப காதை மூடிக்கொண்டு போ."